ஆடிப்பெருக்கு அன்று வந்த போன்

சென்ற வருடம் ஆடிப்பெருக்கு அன்று ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில் நடந்தது இது. காவிரி இரு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. திருவானைக்காவலில் இருக்கும் என் நாத்தனார் காதோலை கருகமணியைத் தட்டில் எடுத்து வைத்தாள். என் பத்து வயது மகள் தண்ணீரில் காலை விடுவதும் எடுப்பதுமாக இருந்தாள். நான் மட்டும் கைப்பையைத் திறந்து திறந்து போனைப் பார்த்தபடி இருந்தேன்.

"என்ன அண்ணி, காவிரியப் பாக்க வந்தீங்களா, போனப் பாக்க வந்தீங்களா?" என்று கிண்டல் செய்தாள் நாத்தனார்.

காரணம் அவளுக்குத் தெரியாது. என் கணவரைத் தவிர யாருக்குமே தெரியாது.

கொஞ்ச நாள் முன்பு மகளுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போடத் தென்னூரில் ஒரு டாக்டரம்மாவிடம் போயிருந்தேன். அதற்கே எனக்கு ஆயிரம் யோசனை. இந்த வயதிலேயே வேண்டுமா? தள்ளிப் போட்டால் தப்பாகிவிடுமா? மகளோ சிரித்துக்கொண்டே போட்டுக்கொண்டாள். "நீங்க போட்டிருக்கீங்களா?" என்று டாக்டர் கேட்டார். கல்லூரியில் படிக்கும்போதே போட்டாகிவிட்டது என்று பெருமையாகச் சொன்னேன்.

"ரொம்ப நல்லது. கர்ப்பப்பை வாய் டெஸ்ட் எடுத்தீங்களா?"

ஊசி போட்டவளுக்கு டெஸ்ட் எதற்கு என்று கேட்டேன்.

"ஹெல்மெட் போட்டாச்சுன்னு பிரேக் இல்லாத வண்டிய ஓட்டுவீங்களாம்மா?" என்றார்.

புற்றுநோய்க்குக் காரணமான அந்த ஹெச்.பி.வி. கிருமியில் பல வகைகள் உண்டாம். மிக ஆபத்தானவற்றை ஊசி தடுக்கும். ஆனால் எல்லாவற்றையும் அல்ல. அதனால் முப்பது வயதைத் தாண்டியவர்கள் ஊசி போட்டிருந்தாலும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்றார்.

செய்துகொண்டேன். கிருமி இருப்பதாக வந்தது. ஊசி தடுக்காத ஒரு வகை.

எனக்கு எப்படி வந்தது என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். "எப்படி வந்துச்சுன்னு துப்பு துலக்காதீங்க. நிறையப் பேருக்கு வரும், பெரும்பாலும் தானாப் போயிடும். போகாமத் தங்கினாத்தான் கவனிக்கணும்" என்று டாக்டர் தைரியம் சொன்னார். ஆனாலும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருக்கட்டும் என்று துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். நான் இல்லாவிட்டால் மகளுக்கு யார் தலை பின்னுவார்கள் என்பது வரை யோசித்துவிட்டேன். அந்த முடிவுக்காகத்தான் அன்று காத்திருந்தேன்.

நாத்தனார் என் கழுத்தில் புது மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. படித்துறை முழுக்க இரைச்சல். எழுந்து ஓடலாம் என்றால் முடிச்சு அவள் கையில். ஒரு காதைப் பொத்திக்கொண்டு, "கேன்சர் இல்லையே டாக்டர்? கர்ப்பப்பை வாய் நல்லா இருக்கா?" என்று கத்தினேன்.

"ஒண்ணும் இல்லம்மா. சுத்தமா இருக்கு. அடுத்த வருஷம் திரும்ப ஒரு டெஸ்ட் மட்டும் எடுத்துருவோம்" என்றார் டாக்டரும் சத்தமாக.

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. போனை வைத்துவிட்டு நிமிர்ந்தால், சுற்றியிருந்த பெண்கள் எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் தெரியக்கூடாது என்று பொத்திப் பொத்தி வைத்ததை ஊருக்கே சொல்லியிருந்தேன்!

"அடப்பாவி அண்ணி, இத மனசுல வச்சுக்கிட்டா சித்ரான்னம் கிளறிக்கிட்டு வந்தீங்க?" என்று என்னைக் கட்டிக்கொண்டாள் நாத்தனார். மேல்படியில் இருந்த முன்பின் தெரியாத அம்மா ஒருவர் குனிந்து, "ஏம்மா, அந்த டெஸ்ட் வலிக்குமா? எங்க எடுக்கறாங்க?" என்று கேட்டார். இன்னொருவர், "எம்மருமகளுக்கும் சேத்துச் சொல்லும்மா" என்றார். எதற்கெடுத்தாலும் தயங்கும் நான், ஈரப் புடவையோடு நின்று மூச்சு விடாமல் சொன்னேன். என் மகளும் தன் பங்குக்கு, "ஊசி எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று எல்லாருக்கும் தைரியம் சொன்னாள்.

இந்த வருடம் நாத்தனாரும் நானும் சேர்ந்தே போய்ப் பரிசோதனை செய்துகொண்டோம். அவளுக்கு ஒன்றும் இல்லை. எனக்கு இருந்த கிருமியும் போய்விட்டது. கிளினிக் வாசலிலேயே இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு குதிக்காத குறைதான்.

ஒருமுறை கட்டிய கயிறு போதும் என்று நாம் இருப்பதில்லை, ஆடிக்கு ஆடி மாற்றிக் கட்டிக்கொள்கிறோம். என்றோ போட்ட ஊசியை நம்பி உடம்பை மட்டும் மறந்திருந்தேனே என்பது, ஒவ்வொரு முறை கழுத்தில் கயிறு ஏறும்போதும் இனி எனக்கு நினைவுக்கு வரும்.