இருட்டுக்குள் கசிந்த சூடு

ஆய்வுக்கூடத்தில் அவளைப் பூட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பூட்டிய கதவை இழுத்துப் பார்ப்பாள். நாலடி நடந்தவள் திரும்பி வந்து இன்னொரு முறை இழுப்பாள். "உன் நிழல் பின்னால வந்தாலும் யாருன்னு கேப்பியே" என்று புருஷன் கிண்டல் செய்வான். அவள் சிரிக்க மாட்டாள்.

அவள் வேலைக்கு அந்தக் குணம் பொருத்தம்தான். வானத்தில் எங்கோ தொலைவிலுள்ள தூசி மேகங்களிலிருந்து வரும் மங்கலான அகச்சிவப்புக் கதிரை அளக்க, அங்கே ஒரு மீக்கடத்திச் சில்லு செய்திருந்தார்கள். கடுங்குளிரில் அதில் மின்சாரம் தடையின்றி ஓடும். துளி சூடு பட்டால் போதும், தடை தலைகாட்டும். அந்தச் சில்லைச் செம்புக் கூட்டுக்குள் வைத்து மூடி, குளிர்கலத்தில் இறக்குவது அவள் பொறுப்பு.

புது ஆராய்ச்சியாளர் வந்த பிறகுதான் கோளாறு ஆரம்பித்தது. எல்லாவற்றையும் மூடி இருட்டாக்கினாலும் எங்கிருந்தோ சூடு வருவதாகச் சில்லு காட்டியது. சூடேற்றித் திறந்து பார்த்தால் ஒன்றுமில்லை. மறுபடி குளிர்வித்தால் அதே கதை. அந்த மனிதர் அதற்கு முன் போட்டி ஆய்வுக்கூடம் ஒன்றில் இருந்தவர். போதாதா? அவர் கலத்தின் பக்கம் போனாலே இவள் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தாள். தேநீர் குடிக்க அவர் வெளியே போனால், அவர் தொட்ட திருகாணிகளைத் தடவிப் பார்த்தாள்.

ஒருநாள் மதியம் அவரே கேட்டுவிட்டார். "அக்கா, என்மேல சந்தேகம்தானே?"

"ஆமா சார்." அவள் மழுப்பவில்லை.

"எனக்கும் உங்கமேலதான். கடைசியா மூடுறது நீங்கதானே?"

இரண்டு பேருக்கும் சுருக்கென்றது. சரி, ஒருத்தர் கண் முன்னால் ஒருத்தர் பார்த்துவிடலாம் என்று கூட்டைக் கழற்றினார்கள். கதிர் நுழையும் அதன் சன்னலை மூடி, அறையை இருட்டாக்கி, கூட்டுக்குள் விளக்கைப் போட்டார்கள். வெளியே வெளிச்சம் கசியவே இல்லை.

"குளிர்ல மட்டும்தானே வம்பு பண்ணுது?" என்றாள்.

அவர் கூட்டின்மேல் திரவ நைட்ரஜனை ஊற்றினார். புகை அடங்கியது. கறுப்புப் பூச்சு நடுவே ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தது. சுரண்டினால், தப்பான இடத்தில் போட்ட துளை ஒன்று. அதைப் பசையால் அடைத்து, மேலே கறுப்படித்திருந்தார்கள். குளிரில் பசை சுருங்கி வழிவிட்டிருக்கிறது.

ஆராய்ச்சியாளர் வந்த சமயத்தில்தான் பழைய கூட்டை மாற்றியிருந்தார்கள். ஆய்வுக்கூடத்துப் பட்டறையில் இந்தக் கூட்டைச் செய்தவன் அவள் கொழுந்தன். வேலைக்கு அவனைச் சிபாரிசு செய்ததே அவள்தான்.

"சார், இதைச் செஞ்சது என் கொழுந்தன். நாளை வரைக்கும் பொறுங்க. அவனே வந்து சொல்லட்டும்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தலையாட்டினார்.

வீட்டில் கொழுந்தன் மென்று முழுங்கினான். "சின்ன ஓட்டை அண்ணி. செம்பு வீணாப்போச்சுன்னு திட்டுவாங்களேன்னு அடைச்சிட்டேன். இவ்வளவு தூரம் வரும்னு நினைக்கல."

"உன்னால ஒரு மனுஷனைத் திருடன் மாதிரி பார்த்தேன்டா."

"வெளியாளைப் பார்த்தீங்க. என்னைப் பார்க்கலயே."



மறுநாள் அவன் போய் எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டான். பட்டறைத் தலைவர் வெளுத்து வாங்கினார். வேலையை விட்டுத் தூக்கவில்லை. புதுக் கூட்டோடு குளிர்வித்தபோது சில்லு அடங்கி நின்றது. ஆராய்ச்சியாளர் அவள் பக்கம் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டார்; இருவரும் ஒன்றாக உட்கார்ந்து அளவைப் பார்த்தார்கள்.

கொழுந்தன்தான் பல நாள் முகம்கொடுத்துப் பேசவில்லை. அடுத்த கூட்டைக் கொண்டுவந்தபோது, "சுத்தமா இருக்கு அண்ணி" என்று நீட்டினான். அவள் வாங்கினாள். அவன் அங்கேயே நிற்கும்போதே நைட்ரஜன் குடுவையை எடுத்தாள். அவன் முகம் சுண்டிப்போனது. பார்த்தும், அவள் ஊற்றினாள்.