வளைந்த சிலுவைக்கு அடியிலிருந்து ஒரு பிடி மண்

ஜெனிபர், ஆல்வின்,

நம் ஓசூர்க் கோயிலில் பெரிய வாசல் அகலத் திறந்திருந்தாலும் தாத்தா பக்கக் கதவு வழியாகத்தான் வருவார். காற்றாடிக்கு அடியில் இடம் பிடிக்கத்தான் என்று நீங்கள் கேலி செய்வீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

படுக்கையில் கிடந்தபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்று. தன் அம்மா ஞானம்மாவின் கல்லறையிலிருந்து ஒரு பிடி மண் எடுத்து வந்து தன் குழியில் போட வேண்டும். அடக்கத்துக்குள் என்னால் போய்வர முடியவில்லை. ஆகவே இந்தக் கல்லறைத் திருநாளன்று, நவம்பர் இரண்டாம் தேதி, கிளம்பினேன். நீங்கள் வளர்ந்த பிறகும் படிக்கட்டும் என்று இதை எழுதி வைக்கிறேன்.

விடிவதற்கு முன்பே ஓசூரில் பஸ் ஏறினேன். தருமபுரியில் இறங்கும்போது எட்டு மணி. வானம் மூடிக்கொண்டிருந்தது. பஸ் ஸ்டாண்டில் செண்டுமல்லிச் சரமும் மெழுகுவத்தியும் வாங்கிக்கொண்டு, பென்னாகரம் வழியாக ஏரியூர் போகிற வண்டியில் உட்கார்ந்தேன். பென்னாகரம் தாண்டியதும் சாலை குறுகிவிடுகிறது. இரண்டு பக்கமும் கேழ்வரகு, துவரை, நடுநடுவே பாறை. ஏரியூரிலிருந்து நான்கு கிலோமீட்டர் ஆட்டோ, நூறு ரூபாய். ஊர்ப் பெயரை எழுதவில்லை. அங்கே இருப்பவர்களுக்கு என்னால் வம்பு வேண்டாம்.

"கல்லறைக்குத்தானுங்களா?" என்றார் ஆட்டோக்காரர். "இன்னிக்கு மட்டும் எங்கெங்கிருந்தோ வர்றாங்கண்ணா. நாளைக்கு வந்து பாருங்க, நாயிகூட இருக்காது."

கோயில் கருங்கல் கட்டடம். மேலிருந்து பார்த்தால் சிலுவை போலத் தெரியும்படி இரண்டு பக்கமும் சிறகு வைத்து, பஞ்ச காலத்துக்குப் பிறகு ஒரு வெள்ளைக்காரச் சாமியார் கட்டியது. கோயில்பிள்ளை எனக்குச் சுற்றிக் காட்டினார். கதவு திறப்பதும் மணியடிப்பதும் அவர் வேலை. மணி பிரான்சிலிருந்து கப்பலில் வந்ததாம். பிறகு ரயிலில், ரயிலடியிலிருந்து மாட்டு வண்டியில். அந்த வண்டியை ஓட்டி வந்தவர் தன் பாட்டனார் என்று தாத்தா சொன்னதை நான் சொன்னேன்.

"யாரு வூட்டு ஆளுங்க நீங்க?"

"சின்னப்பன் மகனுங்க. ஞானம்மா பேரன்."

"எந்தத் தெருவுங்க?"

தெரியாது என்றேன். அவர் சுற்றிக் காட்டுவதை நிறுத்திக்கொண்டார். "அப்ப நீங்களே பாத்துக்குங்க" என்று கல்லறைத் தோட்டத்துக் கேட்டைக் காட்டிவிட்டுப் போனார்.

தாத்தா அடையாளம் சொல்லியிருந்தார். உடைந்த வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டையை வெட்டிச் செய்த சிலுவை. பட்டையின் வளைவு போகாததால் இரண்டு கையும் சற்று முன்னால் வளைந்திருக்கும். பளிங்கும் டைல்ஸும் ஒட்டிய கல்லறைகளுக்கு நடுவே, குடும்பம் குடும்பமாக நின்றவர்களை விலக்கிக்கொண்டு வரிசை வரிசையாகத் தேடினேன். மதியமாகியும் கிடைக்கவில்லை. தூறல் வேறு. மண் இல்லாமல் திரும்பிப் போய்த் தாத்தாவின் குழி முன்னால் எப்படி நிற்பது என்று இருந்தது.

கோயில்பிள்ளை மறுபடி வந்தார். "இங்க இருக்காதுங்க. செவுத்துக்கு அந்தப் பக்கம் பாருங்க" என்றார் மெதுவாக.

கோடியில் ஆளுயரச் சுவர் ஒன்று இருந்தது. அதுவரை அதைத் தோட்டத்தின் எல்லை என்று நினைத்திருந்தேன்.

"அந்தக் காலத்து ஏற்பாடுங்க. இப்பல்லாம் ஒண்ணுமில்ல. எல்லாரும் ஒரே வாசல்லதான் வர்றாங்க."

"சுவர் இருக்குதேங்க?"

"இடிச்சா பாம்பு வெளிய வரும்னு வுட்டுட்டாங்க."

முள்ளை ஒதுக்கிக்கொண்டு சுற்றிப் போனேன். அங்கே பெரும்பாலும் வெறும் மண்மேடுகள். வளைந்த கைகளோடு சிலுவை நின்றது. அதன் முன்னால், தூறல் படாமல் ஓட்டைச் சட்டி ஒன்றைச் சாய்த்து வைத்திருந்தார்கள்; அதற்குள் ஒரு மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. பக்கத்து மேட்டில் புல் பிடுங்கிக்கொண்டிருந்த வயதான பெண் நிமிர்ந்து பார்த்தார்.

"சின்னப்பன் மவனா? மூக்கே சொல்லுதே. இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்."

"அப்பா போயிட்டாருங்கம்மா."

கையிலிருந்த புல்லைக் கீழே போட்டார்.

"நான் அப்ப பாவாட கட்டுன புள்ள. ஞானம்மா செத்தன்னிக்கு உங்கப்பாரு பெட்டியப் பெரிய வாசலுக்குத் தூக்கிட்டாரு. மணிய இழுத்தாந்தது எங்க பாட்டன் ஓட்டுன வண்டி, எங்காத்தா இந்த வாசல்ல போவட்டும்னாரு. மறிச்சிட்டாங்க. வெயில்ல பெட்டி கெடக்குது, ஈ மொய்க்குது. பொழுது சாயறப்பதான் பக்கக் கதவு வழியா உள்ள போச்சு. மண்ணத் தள்ளுன கையோட ஊர வுட்டுப் போனவருதான்."

மெழுகுவத்தி யார் வைத்தது என்று மட்டும் கேட்டேன்.

"வேற யாரு? பக்கத்துல எம்மாமியா கெடக்கறா. அவளுக்கு வெச்சிட்டு இவளுக்கு வெக்காம போனா, ரெண்டு பேரும் சேந்து கனவுல வந்து வைவாளுங்க."

சிலுவைக்கு அடியில் மண்ணெடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன். போகும் வழியில் இடது சிறகின் சிறிய கதவருகே நின்று உள்ளே பார்த்தேன். அங்கிருந்து பீடம் தெரிகிறது. நடுவில் உட்காருகிறவர்கள் தெரியவில்லை. அவர்கள் கண்ணுக்கும் நாம் தெரிய மாட்டோம். கட்டும்போதே அப்படிக் கட்டியிருக்கிறார்கள். பெரிய வாசல் திறந்துதான் இருந்தது. யாரும் மறிக்கவில்லை. ஆனாலும் எனக்குக் கால் எழவில்லை.

திரும்பும் பஸ்ஸில் நம் ஓசூர்க் கோயிலை நினைத்துக்கொண்டே வந்தேன். அதற்குச் சிறகு கிடையாது, சுவர் கிடையாது. ஒரே தகரக் கொட்டகை. அங்கேகூடத் தாத்தா ஒரு பக்கக் கதவைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டார்.

மறுநாள் நீங்கள் பள்ளிக்கூடம் போன பிறகு நான் மட்டும் நம் கோயிலுக்குப் போனேன். உள்ளே யாருமில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, கைக்குட்டை முடிச்சை இரண்டு கையிலும் ஏந்தி, பெரிய வாசல் வழியாக நுழைந்து, நடுவழியே பீடம்வரை நடந்தேன். அங்கே சற்று நேரம் நின்றேன். அதற்கப்புறம்தான் அந்த மண்ணைத் தாத்தாவிடம் கொண்டுபோய்ப் போட்டேன்.