கிணற்றுக்குள் இறங்கிய பாடம்

இந்த வாரம் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் நான் குடையைத் தொலைத்த கதையை எழுதுவதாக இருந்தேன். குடை கிடக்கட்டும். போன வெள்ளிக்கிழமை நடந்ததை உங்களிடம் சொன்னால்தான் எனக்கு மனசு ஆறும்.

நான் சயன்ஸ் வாத்தியார் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். ரெட்டியார்சத்திரம் பக்கம் ஒரு கிராமத்து ஹைஸ்கூல். லேபரட்டரி என்று ஒரு ரூம் உண்டு. அதில் பாதியை உடைந்த பெஞ்சுகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அதனால் என் சோதனைகள் எல்லாம் சமையல்கட்டுச் சாமான்களோடுதான்.

அந்த வாரம் ஒன்பதாம் வகுப்புக்குக் கரியமில வாயு. கண்ணாடி ஜாடியில் சமையல் சோடாவைப் போட்டு எலுமிச்சம்பழம் பிழிந்தேன். நுரை அடங்கியதும், எரிகிற மெழுகுவத்தியைக் கம்பியில் கட்டி உள்ளே இறக்கினேன். பொசுக்கென்று அணைந்தது.

"ஊதாமலே அணையுது சார்!" என்று வகுப்பே சிரித்தது.

"இந்த வாயு காற்றைவிடக் கனம். பள்ளத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். பாழுங்கிணற்றில் இறங்குகிறவர்கள் முதலில் விளக்கை இறக்கிப் பார்க்க வேண்டும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். புத்தகத்தில் இருந்தது, சொன்னேன். நான் எந்தக் கிணற்றில் விளக்கை இறக்கிப் பார்த்தேன்?

வெள்ளிக்கிழமை மத்தியானம் பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம். பள்ளிக்கூடத்தை ஒட்டிய தோட்டத்தில் பெரிய கூச்சல். நானும் ஓடினேன்.

அது வருஷக்கணக்காக முள்ளைப் போட்டு மூடி வைத்திருந்த கிணறு. மழை இல்லை, கத்தரிச்செடி எல்லாம் வாடிக் கிடக்கிறது. தூர் வாரினால் கொஞ்சம் ஊறும் என்று தோட்டத்துக்காரர் வெள்ளைச்சாமி முள்ளை விலக்கிவிட்டு இறங்கியிருக்கிறார். செத்த நேரத்தில் "தலைய சுத்துதுடா..." என்று குரல். மேலே ஏறப் பார்த்தவர், பாதியில் ஒரு கல்படியில் சாய்ந்துவிட்டார். எட்டிப் பார்த்தால் தலைப்பாகை மட்டும் மங்கலாகத் தெரிந்தது. முனகல் கேட்டது.

அவருடைய தம்பி பெருமாள் வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கப் போனார். ஒரு பெண் பாய்ந்து வந்து அவர் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

அழகம்மாள். என் ஒன்பதாம் வகுப்பு மாணவி. கடைசி பெஞ்ச்... கேள்வி கேட்டால் தரையைப் பார்க்கிற பெண். உள்ளே கிடப்பவர் அவளுடைய அப்பா!

"விடு புள்ள! எங்கண்ணன் கெடக்காரு!"

"எறங்காதீக சித்தப்பா! நீங்களும் விழுந்துருவீக. விளக்க எறக்கிப் பாத்துட்டுப் போங்க!"

"உங்கப்பனுக்கு உசுரு போகுது, உனக்கு விளக்கு கேக்குதா?"

உதறினார். மண்ணில் விழுந்தாள். எழுந்து மறுபடியும் பிடித்துக்கொண்டாள். அவளுடைய அம்மா தலையில் அடித்துக்கொண்டு அலறினாள். "அவர விடுடி பாவி! தாலியறுக்கவா வந்து பொறந்த?"

அழகம்மாள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"சார்... நீங்க சொல்லுங்க சார்!"

அத்தனை முகமும் என் பக்கம் திரும்பியது. என்ன சொல்வேன்? நான் சொன்னால் பெருமாள் நிற்பார். நிற்கிற நேரத்தில் உள்ளே இருப்பவர் போய்விட்டால்? அது வெறும் வெயில் மயக்கமாக இருந்தால்? மனிதன் ராக்கெட்டில் ஏறிப் போகிற காலம் என்று வகுப்பில் முழங்குகிறவன் நான் - ஒரு விளக்கை நம்பத் தயங்கினேன்.

"அவ சொல்றது சரி" என்றேன். எனக்கே கேட்கவில்லை. பிறகு கத்தினேன். "நில்லுங்கய்யா! விளக்கு கொண்டாங்க!"

பக்கத்துக் குடிசையிலிருந்து அரிக்கேன் விளக்கு வந்தது. அழகம்மாளே கயிற்றில் கட்டி இறக்கினாள். விளக்கு சுவரில் இடித்து இடித்துப் போனது. தலைப்பாகையை நெருங்கியது. இன்னும் கொஞ்சம் கீழே... சுடர் சிறுத்தது. ஒரு துடிப்பு. அணைந்தது.

பெருமாள் படியில் வைத்த காலைப் பின்னால் எடுத்தார். உள்ளே முனகல் நின்றிருந்தது.

"தண்ணி ஊத்துங்க! கொப்ப ஒடிங்க!" என்று நான்தான் கத்தியிருக்க வேண்டும். மாட்டுத் தொட்டியிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் உள்ளே போனது. வேப்பங்கொப்புகளைக் கயிற்றில் கட்டி, கெட்ட காற்று கலையட்டும் என்று மேலும் கீழுமாக இழுத்து அடித்தோம். எவ்வளவு நேரம்? கேட்காதீர்கள். அந்த நேரத்துக்கு அளவு கிடையாது.

மறுபடியும் விளக்கு. இந்தத் தடவை அணையவில்லை.

பெருமாள் இடுப்பில் கயிறு கட்டினார்கள்; அண்ணனைக் கட்ட இன்னொரு கயிற்றைக் கையில் கொடுத்தார்கள். அழகம்மாள் சொன்னாள்: "அண்ணே, அண்ணேனு கத்திக்கிட்டே போங்க சித்தப்பா. சத்தம் நின்னா மேல இழுத்துருவோம்."

"அண்ணே... அண்ணே..." அந்தக் குரல் கீழே கீழே போனது. ஒரு இடத்தில் நின்றது. கயிறு பிடித்தவர்கள் இழுக்கப் போனார்கள் -

"கட்டிட்டேன்! இழுங்கடா!"

வெள்ளைச்சாமி மேலே வந்தபோது உதடு நீலம். மர நிழலில் கிடத்தி விசிறினோம். பெருமாள் தன் அண்ணனின் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு தன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஓர் இருமல்... இந்த உலகத்தில் அதைவிட நல்ல சத்தம் உண்டா? வண்டி கட்டி, திண்டுக்கல் ஆஸ்பத்திரி. பிழைத்துக்கொண்டார்.

ஊரே அந்தப் பெண்ணைத் தூக்கிவைத்துக் கொண்டாடியிருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். வெள்ளைச்சாமி கட்டிலில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். அழகம்மாள் அடுப்படி மூலையில். அவளுடைய அம்மா எனக்கு மோர் கொடுத்துவிட்டு, தாழ்ந்த குரலில் கேட்டாள்:

"பொழச்சாரு, சரி. ஆனா பெத்த அப்பன் உள்ள கெடக்கயில இவளுக்கு எப்படி சார் அம்புட்டு நெதானம் வந்துச்சு? நெஞ்சா, கல்லா? எனக்கு இவ மொகத்தப் பாக்கவே பயமா இருக்கு. தெருவுலயும் அப்படித்தான் பேசுறாக."

ஆபத்தில் நெஞ்சில் அடித்துக்கொண்டு ஓடுகிறவனைத்தான் நாம் பாசக்காரன் என்போம். ஒரு நிமிஷம் நின்று யோசிக்கிறவனைக் கல்நெஞ்சன் என்போம். யோசிப்பதற்கும் பாசம் வேண்டும் என்று எந்த வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம்?

மூலையிலிருந்து குரல் வந்தது.

"நெதானமெல்லாம் இல்லம்மா. விளக்கு அணையக் கூடாது, அணையக் கூடாதுனு சாமிய வேண்டிக்கிட்டேதான் கயித்த விட்டேன். சார் சொன்னது பொய்யாப் போகட்டும், சித்தப்பா ஒடனே எறங்கட்டும்னு..."

முடிக்க முடியவில்லை. அதுவரை அழாத பெண் விம்மி விம்மி அழுதாள். அம்மா ஓடிப்போய் அவளை மடியில் இழுத்துக்கொண்டாள். கட்டிலில் இருந்தவர் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

பாடம் பொய்யாகட்டும் என்று ஒரு மாணவி வேண்டிக்கொண்டால், வாத்தியாருக்குக் கோபம் வர வேண்டாமா? எனக்கு எப்படி வரும்... அந்தக் கயிறு இறங்குகையில் நானும் அதையேதான் வேண்டிக்கொண்டிருந்தேன்!