ஆறு பேருக்கு ஒரு கைநாட்டு

எறா கம்பெனியில் அம்மாவுக்கு வருஷத்துக்கு மூன்று பெயர் வைப்பார்கள். அதில் ஒன்றுகூட அவளுடைய சொந்தப் பெயர் இல்லை.

கம்பெனி என்று பெயரே தவிர, அது ஒரு தகரக் கொட்டகை. ராயபுரத்தில் எங்கள் தெருவிலிருந்து கடலோரமாக நடந்தால் கால் மணி நேரம். படகில் வந்த இறாலை ஐஸில் கொட்டி வைத்திருப்பார்கள். பெண்கள் வரிசையாகக் குந்தி, தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, குடலை உருவிப் போடுவார்கள். உரித்த இறால் கப்பலேறி வெளிநாடு போகும். ஓடு இங்கேயே கிடந்து நாறும். அம்மாவும் சித்தியும் அங்கேதான் வேலை செய்தார்கள். சித்தி அம்மாவின் கூடப்பிறந்த தங்கை. எங்களுக்கு அடுத்த வீடு.

நாலு மாதம் ஆனதும் கணக்குப்பிள்ளை, பத்து நாள் வீட்டில் இருங்கள் என்பார். பத்து நாள் கழித்துப் போனால் மஸ்டர் என்கிற ஆள் கணக்குப் புத்தகத்தில் வேறு பெயர் எழுதி வைத்திருப்பார். பழைய ஆள் போய்விட்டாள், இவள் புதிதாகச் சேர்ந்தவள் என்று கணக்கு. எத்தனை வருஷம் உரித்தாலும் ஒருத்தியும் பழைய ஆள் ஆக முடியாது.

பெயர் வைத்து வைத்து அவருக்கே சலித்திருக்க வேண்டும். ஒரு தடவை எல்லோருக்கும் ஆறுகளின் பெயர். அம்மா கங்கா, சித்தி காவேரி. அடுத்த தடவை பூக்கள். ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிறவளை அலமேலு ஆக்கினார். ஐந்து வேளையும் தொழுகிற ஒரு பீவியை மேரி ஆக்கினார். பெயர் மாற்றுகிற நாளில் எங்கள் வீட்டில் ஒரே சிரிப்பு.

"இந்த தபா நான் இன்னா தெர்யுமா? ரோஜா" என்பாள் சித்தி.

"ஐஸ் பொட்டிக்குள்ள ஒரு வாரம் கெடந்த ரோஜா" என்பாள் அம்மா.

எனக்கு அப்போது எட்டு வயது. அம்மாவுக்கு இத்தனை பெயர் இருப்பது எனக்குப் பெருமையாக இருந்தது. மற்ற பிள்ளைகளின் அம்மாக்களுக்கு ஒரு பெயர்தான்.

சித்திக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து வயிற்றில் பிள்ளை தங்கியது. அதற்கு முந்தைய வருஷம்தான் சித்தப்பா இருமலில் படுத்தார். அந்த வீட்டில் வேலைக்குப் போவது சித்தி ஒருத்தி. வயிறு வெளியே தெரிந்த பெண்ணுக்குக் கணக்குப்பிள்ளை அடுத்த பெயர் எழுத மாட்டார். போ என்று சொல்ல மாட்டார். திட்ட மாட்டார். பத்து நாள் கழித்துப் போய் நின்றால் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, உன் பேர் இல்லையே என்பார். அவ்வளவுதான்.

அப்பா ஹார்பரில் மூட்டை தூக்குகிறவர். அங்கே அவர்களுக்குச் சங்கம் இருந்தது. அவர் சங்கத்தில் விசாரித்துக்கொண்டு வந்தார்.

"வவுத்துப் புள்ளக்காரிக்கு லீவு வுடணும். திரும்பி வந்தா அதே வேலைய குடுக்கணும். சட்டம் கீது" என்றார்.

"யாருக்கு? காவேரிக்கா, ரோஜாவுக்கா?" என்று கேட்டாள் சித்தி.

"அதான் பேஜாரு. ஒரே ஆளு இத்தினி நாளு வேலை செஞ்சான்னு காட்டணும். லேபர் ஆபீசுக்கு எய்திக் குடுங்க. வாயால சொன்னா எவனும் வர மாட்டான்."

ஒருத்தி மட்டும் எழுதிக் கொடுத்தால் அவளை நிறுத்திவிடுவார்கள் என்று ஒன்பது பேர் சேர்ந்தார்கள். சேர வைத்தவள் அம்மா. அவள் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. உரித்துக்கொண்டே பக்கத்தில் இருப்பவளிடம், "ஞாயித்துக்கெயம வூட்டாண்ட வா" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள்.

ஞாயிறு பூசை முடிகிற நேரத்துக்கு எல்லோரும் வந்தார்கள். தபாலாபீஸ் வாசலில் மனு எழுதிப் பிழைக்கிற ஒருவரை அப்பா கூட்டி வந்திருந்தார். பெரிய தாளில் அவர் எழுதி, உரக்கப் படித்துக் காட்டினார். ஒவ்வொருத்தியின் சொந்தப் பெயரும், கம்பெனி வைத்த பெயர்கள் எல்லாமும் அதில் இருந்தன. அவ்வளவு பெயரையும் கேட்டு முடித்தபோது, அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் ஒன்பது பேர்தானா என்று இருந்தது. பிறகு கைநாட்டு வைக்கச் சொல்லி மைப்பெட்டியைத் திறந்து வைத்தார்.

அம்மாதான் முதலில் கட்டைவிரலைத் துடைத்துக்கொண்டு வந்தாள். வேறொரு காகிதத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னார். வைத்தாள். ஊதா நிறத்தில் ஒரு பொட்டு விழுந்தது. ரேகை இல்லை. இன்னொரு தடவை வைத்தாள். இன்னொரு பொட்டு.

"இன்னாம்மா இது, சட்னி மாதிரி கீது. ரேகை விழணும். ரேகை இல்லன்னா கைநாட்டே இல்ல" என்றார் அவர்.

ஐஸ் தண்ணீரும் இறால் தண்ணீரும் தோலைத் தின்றுவிடும். வீட்டுக்கு வந்ததும் அம்மாவும் சித்தியும் படிகாரத் தண்ணீரில் கையை ஊற வைப்பார்கள். எரிச்சலுக்கு அது கேட்கும். ரேகைக்குக் கேட்காது. ஒன்பது பேரில் இரண்டு பேருக்குத்தான் ரேகை விழுந்தது. ஒருத்தி கல்யாணமாகி வந்த புதுப்பெண், சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. இன்னொருத்தி வருஷத்தில் பாதி நாள் வராதவள்.

மனு எழுதுகிறவர் அலுத்துப்போய், நிதானமா வைங்க என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். அப்பாவும் கூடப் போனார். பெண்கள் தங்கள் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். தாள் ஒன்றுதான் இருந்தது. பொட்டு வைத்தால் வீணாகிவிடும்.

அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"கைய கய்விக்கினு வா."

கழுவிக்கொண்டு வந்தேன். என் கட்டைவிரலைப் பிடித்து மையில் தொட்டு, அவள் பெயருக்கு எதிரில் அழுத்தி எடுத்தாள். வட்டம் வட்டமாக, ஒரு கோடு விடாமல் விழுந்தது.

"என் வவுத்துல பொறந்த வெரல்தான. இதும் என் கைதான்" என்றாள் அம்மா.

யாருக்கும் அதில் தப்பு தெரியவில்லை. கைநாட்டு என்றால் எனக்கும் சம்மதம் என்று சொல்வது. அதை யார் விரலால் சொன்னால் என்ன? பீவியும் தன் பெயரைக் காட்டினாள். பிறகு இன்னொருத்தி. மொத்தம் ஆறு பேருக்கு நான் வைத்தேன். சித்தி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

"விழுந்தா விழட்டும், விழாட்டி போட்டும். என் கையதான் வெப்பேன்" என்று சொல்லி ஒரு பொட்டு வைத்தாள்.

"சட்னி வெச்சிட்டா" என்றாள் பீவி. எல்லோரும் சிரித்தார்கள்.

டீ குடித்துவிட்டு வந்தவர் தாளைப் பார்த்து, இப்ப நல்லா கீது என்றார். மறுநாள் பள்ளிக்கூடத்தில் என் ஊதா விரலை எல்லோருக்கும் காட்டினேன்.

மூன்று வாரம் கழித்து லேபர் ஆபீசர் வந்தார். பள்ளிக்கூடம் லீவு. நான் அம்மாவோடு கொட்டகையில் இருந்தேன். அவர் ஒல்லியான மனிதர். குடையை ஐஸ் பெட்டி மேல் வைத்துவிட்டு, கம்பெனி மானேஜர் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தார். எங்கள் மனுவை ஒரு முட்டியிலும் கம்பெனியின் மஸ்டரை இன்னொரு முட்டியிலும் விரித்தார். பையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியை எடுத்தார். அதற்கு முன் நான் பூதக்கண்ணாடியைப் பார்த்ததில்லை.

ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி, "இதில் ஆறு கைநாட்டு ஒரே விரல். அதுவும் சின்ன விரல். யாருடையது?" என்று கேட்டார்.

நான் முன்னால் போய் நின்றேன். நன்றாக இருக்கிறது என்று சொல்லத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன்.

"என்னுது சார்" என்றேன்.

மானேஜர் தொடையைத் தட்டிச் சிரித்தார். "பாத்தீங்களா சார். மனுவே போலி. இதுக்குப் போய் வெயில்ல வந்தீங்க. மஸ்டர்ல பாருங்க, எல்லாரும் வேலைல சேந்து நாலு மாசம்தான். ஒருத்திகூட பழைய ஆளு கெடையாது."

"யார் வைக்கச் சொன்னது?" என்றார் ஆபீசர்.

ஆறு பேரும் தலையைக் குனிந்திருந்தார்கள். எல்லோரும்தான் வைத்தோம் என்று யாராவது சொல்வார்கள் என்று நான் பார்த்தேன்.

அம்மா எழுந்தாள். "நான்தான் சார். இவங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. எல்லோரும் வரிசையாகப் பெயரைக் காட்டியது எனக்கு நன்றாக நினைவிருந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் தோளை அழுத்தினாள்.

ஆபீசர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, என் முன்னால் வைத்துக் காட்டுங்கள் என்றார். ஒவ்வொருத்தியும் வைத்தாள். பொட்டு, பொட்டு, பொட்டு. மஸ்டரிலும் அதே பொட்டுகள்தான். கங்கா ஒரு பொட்டு, ரோஜா ஒரு பொட்டு. அவர் கண்ணாடியை மடியில் வைத்தார்.

"இதை வைத்துக்கொண்டு யார் யார் என்று எப்படிம்மா சொல்வது?" என்றார். அவர் கோபமாகக் கேட்கவில்லை.

சித்தி எழுந்தாள். அப்போது அவளுக்கு ஏழு மாதம். இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு, மற்ற கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"சார், மஸ்டர்ல நான் சேந்து நாலு மாசம்னு போட்டுகீது. இதோ இந்தப் பொண்ணும் அன்னிக்கே சேந்தான்னு போட்டுகீது. அது மெய்தான், அவ புச்சா வந்தவ. அவ வெரல பாருங்க. என் வெரல பாருங்க. நாலு மாசத்துல எறா இவ்ளோ துன்னுமா? ஏயு வருஷமா துன்னுகினு கீது."

மானேஜர், "அதெல்லாம் ஒடம்பு வாகு சார்" என்றார்.

"அப்ப உன் கைய வெய்யி நைனா, பாக்கலாம்" என்றாள் பீவி. கொட்டகையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

ஆபீசர் சிரிக்கவில்லை. புதுப்பெண்ணைக் கூப்பிட்டு வைக்கச் சொன்னார். கோடு கோடாக விழுந்தது. சித்தியின் பொட்டை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எழுந்து கொட்டகை முழுக்க நடந்தார். குந்தியிருந்த பெண்கள் ஒவ்வொருத்தியின் கையையும் நீட்டச் சொல்லி, குனிந்து பார்த்துக்கொண்டே போனார். திரும்பி வந்து எழுத ஆரம்பித்தார். மானேஜர் நாற்காலிக்குப் பின்னால் நின்று எட்டி எட்டிப் பார்த்தார். அரைப் பக்கம் ஆனதும், "சார், ஒரு நிமிஷம்" என்று அவரை வெளியே கூட்டிப் போனார்.

யாரும் உரிக்கவில்லை. அம்மா மட்டும் கூடையை இழுத்து உரித்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே வந்து ஆபீசர்தான் சொன்னார். சித்திக்கு லீவு உண்டு. பிள்ளை பெற்று வந்தால் இதே வேலை. எல்லோருக்கும் சொந்தப் பெயரையே இனி எழுதுவார்கள், மாற்ற மாட்டார்கள். மானேஜர் எழுதிக் கொடுக்க ஒத்துக்கொண்டிருக்கிறார். இதைச் சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார்.

"ஆனா பொய்க் கைநாட்டு வெச்சவள உள்ள வெச்சிக்க முடியாது சார். இல்லாட்டி போலீசுக்கு நான் எய்திக் குடுக்கறேன். வெரல் வெச்ச சின்ன பொண்ணையும் விசாரிக்கட்டும்" என்றார் மானேஜர்.

ஆபீசர் அம்மாவைப் பார்த்தார். "இதில் நான் ஒன்றும் சொல்ல முடியாதும்மா" என்றார்.

அம்மா, "சரி" என்றாள்.

கூடையில் மீதியிருந்ததையும் உரித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். கை கழுவினாள். சித்தி அவள் புடவையைப் பிடித்து இழுத்து, "அக்கா, வோணாங்க்கா" என்றாள். "குந்துடி, வவுத்துல புள்ள கீது" என்றாள் அம்மா.

வெயிலில் இரண்டு பேரும் நடந்து வந்தோம். நான் அவளிடம், என் விரலை அந்த ஆபீசர் கண்ணாடி வைத்துப் பார்த்ததைச் சொல்லிக்கொண்டே வந்தேன். அவள் ம் ம் என்று கேட்டுக்கொண்டாள்.

சித்திக்குப் பெண் பிறந்தது. மூன்றாம் மாதம் வேலைக்குப் போனாள். சொந்தப் பெயரில் போனாள். குழந்தையை அம்மா பார்த்துக்கொண்டாள். என் விரலை வைத்துக்கொண்ட மற்ற ஐந்து பேரும் ஒவ்வொருத்தியாக எங்கள் வீட்டுக்கு வருவார்கள். காகிதத்தில் சுற்றி நாலு இறாலைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, உட்காராமல் போய்விடுவார்கள். ஏன் உட்காருவதில்லை என்று எனக்குத் தெரியாது. இரண்டு வேளைச் சோறு ஒரு வேளைக் கஞ்சியானது. ஆனால் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அம்மா வீட்டில் இருந்தாள். எனக்கு அது போதும். கம்பெனியில் நாங்கள் ஜெயித்துவிட்டோம், அதனால்தான் அம்மா வேலைக்குப் போக வேண்டியதில்லை என்று தெருவில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மழைக்காலம் முடிந்து ஒரு நாள் எனக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பைக் கீழே வைத்தபோது அவள் கையைப் பார்த்தேன். கட்டைவிரலில் மெல்லிசாகக் கோடுகள் ஓடின. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். என்னுடையது மாதிரியே வட்டம் வட்டமாக இருந்தது.

"யம்மா, ஒனக்கு ரேகை வந்துகினு கீது பாரு" என்றேன்.

அவள் பார்த்தாள். பிறகு கையை என்னிடமிருந்து இழுத்துக்கொண்டு, முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். சீப்பை மறுபடி எடுக்கவில்லை. சந்தோஷப்பட வேண்டிய விஷயத்துக்கு ஏன் இப்படி இருக்கிறாள் என்று நினைத்தேன். பாதி வாரிய தலையோடு விளையாடப் போய்விட்டேன்.