பூசையில் வைத்த மகசின்

பிரான்சில் எங்கள் சனத்தின் கடைத்தெருவான லா சப்பலில் தவரத்தினம் அண்ணையைப் பெண்கள் பாத்திரக்கடைத் தவரத்தினம் என்பார்கள். ஆண்கள் துவக்குத் தவரத்தினம் என்பார்கள், அதுவும் அவருடைய கடையைத் தாண்டிப் போன பிறகு. துவக்குக்குப் பயந்து ஓடிவந்த சனத்துக்குள்ளே, காசு கொடுத்துத் துவக்கு வாங்கி வைத்திருக்கிற ஆளை நான் வேறு கண்டதில்லை. எங்கள் சனம் சும்மா விடுமா?

அவர் வேட்டைக்காரரும் அல்ல, வீரரும் அல்ல. இடியப்ப உரலும் குத்துவிளக்கும் விற்கிறவர். பலமாகத் தும்மிவிட்டால் பக்கத்தில் நிற்பவரிடம் மன்னிப்புக் கேட்கிறவர். 2010இல் ஜிஸ்லேன் என்ற பிரெஞ்சுப் பெண்மணி அவருடைய கடைக்குச் சட்டி வாங்க வந்தார். அவர் ஒரு சுடும் கழகத்தின் தலைவி. பேச்சுவாக்கில் இவரை ஒருநாள் அங்கே கூட்டிப் போனார். அட்டையில் வட்டம் கீறி, அதன் நடுவைப் பார்த்துச் சுடுகிற விளையாட்டு. திரும்பி வந்த அண்ணை, குறி பார்க்கிற அந்தக் கொஞ்ச நேரம் தலைக்குள்ளே ஒரு சத்தமும் இல்லை என்று சொன்னார். போர் முடிந்த அடுத்த வருடம் அது. எங்களில் ஒருவருக்கும் தலைக்குள் சத்தம் ஓயாத காலம். அதனால் நான் சிரிக்கவில்லை.

பிறகு கழகத்தில் சேர்ந்தார், வைத்தியரிடம் அத்தாட்சி வாங்கினார், அனுமதி எடுத்தார், ரைபிள் ஒன்று வாங்கினார். திரான்சியில் உள்ள வீட்டில் அதற்கென்று ஒரு இரும்புப் பெட்டகமும் வந்து இறங்கியது. அன்றைக்கு அவருடைய மனைவி கோசலை அக்கா சமைக்கவில்லை. அக்காவின் அண்ணனை ஊரில் வீட்டுப் படலை வாசலில் வைத்துச் சுட்டார்கள். யார் சுட்டது என்று இன்றுவரைக்கும் தெரியாது. அப்படிப்பட்டவரின் வீட்டுக்குள் துவக்கு வந்தால் என்ன செய்வார்? அந்தப் பெட்டகம் இருந்த அறையை அவர் கூட்டுவதே இல்லை. அண்ணைதான் கூட்டினார்.

அண்ணையை வாட்டியது அக்காவின் மௌனத்தைவிடச் சட்டம்தான். அவருடைய துவக்கை முதலில் ஒரு வகை என்றார்கள். பிறகு வகைகளின் பெயர்களையே மாற்றினார்கள். 2018இல் மகசினில் கை வைத்தார்கள். ரவைகளை அடுக்கித் துவக்கில் செருகுகிற பெட்டிதான் மகசின். இவருடையது இருபது ரவை பிடிக்கும். இனிமேல் நீளத் துவக்கில் பத்துக்கு மேல் பிடித்தால் அது வேறு வகை, அதற்குத் தனி அனுமதி வேண்டும் என்று வந்துவிட்டது. கடையில் குடத்தைத் துடைத்தபடியே அண்ணை என்னிடம் பொரிந்து தள்ளினார்.

“ஆள் அதே ஆள், துவக்கும் அதே துவக்கு. ஒவ்வொருமுறையும் புதுசா அகதி அசீல் கேக்கிற மாதிரியெல்லோ கிடக்கு, தம்பி.”

எனக்கும் கோபம் வந்தது. ஒழுங்காக எல்லாம் பதிந்து வைத்திருக்கிறவனைத்தான் திரும்பத் திரும்பப் பிடிப்பார்கள். பதியாதவனை யார் தேடிப் போகிறார்கள்? ஆனாலும் அண்ணை பணிந்துதான் போனார். பத்து ரவை மகசின்களைப் புதிதாக வாங்கினார். பழையவற்றைத் துவக்குக் கடையில் ஒப்படைத்து அத்தாட்சி வாங்குவது என்றும், அதை அடுத்த கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்றும் வைத்திருந்தார்.

இடையில் நவராத்திரி வந்தது. எட்டாம் நாள் இரவே கடைத் தராசு, கத்தரிக்கோல், மகளின் கணினி எல்லாவற்றையும் சரஸ்வதி படத்தின் முன்னால் வைத்து, சந்தனம் பூசிப் பூசை செய்தார்கள். ரைபிளைப் பெட்டகத்துக்கு வெளியே வைக்கச் சட்டம் விடாது. அதனால் அண்ணை அதற்குப் பதிலாகப் பழைய மகசின்களை வெறுமையாக்கித் துடைத்துக் கொண்டுவந்து தராசுக்குப் பக்கத்தில் வைத்தார். போகப்போகிற சாமான், ஒரு கும்பிடாவது கிடைக்கட்டும் என்று நினைத்தாராம். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பூசையில் வைத்த ஆயுதத்தை விசயதசமிப் பூசை முடியும்வரை தொடக்கூடாது. எங்கள் வீடுகளில் இந்த விசயத்தில் ஒருவரும் விட்டுக்கொடுப்பதில்லை.

அடுத்தநாள் காலை பத்து மணியளவில் அனுமதி அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. நடைமுறை மாறிவிட்டதாம். ஒப்படைத்த அத்தாட்சி அன்று மாலைக்குள் வராவிட்டால் அனுமதியைப் புதுப்பிக்கிற கோப்பை மூடிவிடுவார்களாம். கோப்பு மூடினால் ரைபிளையும் கொடுத்துவிட வேண்டியதுதான். விசயதசமியோ மறுநாள். கார் வைத்திருக்கிற பாவத்துக்கு என்னை உடனே வரச்சொன்னார்.

நான் போனபோது அண்ணை படத்தின் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். மகசின்களின் மேல் செவ்வந்திப் பூ இருந்தது. அவர் கை நீட்டுவதும் இழுப்பதுமாக இருந்தார். பிறகு போய்க் கதிரையில் இருந்துவிட்டார். துவக்கு போகட்டும், சாமிக் குற்றம் வேண்டாம் என்றார். எட்டு வருடமாக அவருக்குக் கிடைத்த அந்த ஒரு அமைதியும் போகப்போகிறதே. அக்காவுக்குச் சந்தோசமாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். அவர் குசினி வாசலில் சாய்ந்து நின்று கேட்டார்.

“எத்தினை ரவை போகும் எண்டுதானே அவங்கள் கேக்கிறாங்கள்?”

ஓம் என்றார் அண்ணை.

“அண்ணாவைச் சுட்டவன்ர துவக்கில எத்தினை ரவை இருந்தது எண்டு ஊரில ஆரும் கேட்டதோ? ஒருத்தரும் கேக்கேல்லை. இஞ்சை கேக்கிறாங்கள். கேக்கட்டும். எத்தினைதரம் எண்டாலும் கேக்கட்டும்.”

சொல்லிக்கொண்டே வந்து, படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார். பூவை எடுத்துத் தராசின் மேல் வைத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த இரும்பைக் கையால் எடுத்து அண்ணையின் மடியில் வைத்தார்.

“சரஸ்வதியிட்ட நான் சொல்லிக்கொள்ளுறன். நீங்கள் வெளிக்கிடுங்கோ.”

அண்ணையின் கண்கள் கலங்கிவிட்டன. என் கண்களும்தான், மறைப்பானேன். வழியில் நெரிசல். இருவரும் சட்டத்தைத் திட்டாமலே போய்ச் சேர்ந்தோம். சந்தனம் மணக்கிற மகசின்களைத் துவக்குக் கடைக்காரர் மோந்து பார்த்துவிட்டு அத்தாட்சி எழுதித் தந்தார். மாலை அலுவலகம் மூடுவதற்குள் அதை அனுப்பினோம். குளிர்காலம் முடிவதற்குள் அனுமதியும் வந்தது. அண்ணை இன்றைக்கும் விதிகள் மாறும்போதெல்லாம் குடத்தைத் துடைத்தபடி திட்டுகிறார். ஆனால் முன்புபோல நெடுநேரம் திட்டுவதில்லை. பெட்டகம் இருக்கிற அறையை இப்போது அக்காவும் கூட்டுகிறார்.

அடுத்த நவராத்திரிக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அண்ணை கூச்சத்தோடு புதிய மகசினைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அக்கா சந்தனக் கிண்ணத்தோடு வந்து அவரைப் பார்த்தார்.

“அவங்கள் இன்னும் ஒண்டும் மாத்தேல்லைத்தானே?”

இல்லை என்றார் அண்ணை.

“அப்ப இப்பிடித் தாங்கோ” என்று வாங்கி, சந்தனப் பொட்டு வைத்துத் தராசுக்குப் பக்கத்தில் தானே வைத்தார்.