கப்பலுக்கு முந்தின விருந்து

இரும்புக்கடை சத்தியநாதனின் சம்சாரம் சுந்தரபாய் யாரையாவது எதிர்த்துப் பேசி சங்கரன்கோவிலில் ஒருவரும் பார்த்ததில்லை. தங்கமான பொம்பளை என்று சபையில் அத்தனை பேரும் சொல்வார்கள். சொல்லாமல் என்ன செய்வார்கள்? வாயே திறக்காதவளைக் குறை சொல்ல யாருக்கு வாய் வரும்? மெஞ்ஞானபுரம் பக்கத்தில் ஓர் உபதேசியாருக்கு மூத்த மகளாகப் பிறந்து, டீச்சர் டிரெயினிங் முடித்து, மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள்தான் அவள். கல்யாணமான மறுமாதமே, "கடைக்கார வீட்டு மருமக சம்பளத்துக்குப் போறதாவது?" என்று நாத்தனார் ஏசுவடியாள் ஒரு வார்த்தை சொன்னாள். அதோடு வேலை போயிற்று. சுந்தரபாய் அன்றைக்கு அடுப்படியில் அழுதாள், சாயங்காலம் காப்பி போட்டுக் கொடுத்தாள்.

மூத்த மகள் இன்பம் அப்படி இல்லை. மதராசில் நர்ஸ் படிக்கப் போனவள், அங்கே ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்த தங்கப்பழம் என்ற வாசுதேவநல்லூர்ப் பையனைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று வீட்டுக்கே வந்து நேருக்கு நேர் சொன்னாள். பையனும் கிறிஸ்தவ வேதக்காரன்தான். பிஷப் கையால் திடப்படுத்தல் எடுத்தவன், கோயிலில் பாடல் குழுவில் பாடுகிறவன். சத்தியநாதன் அதையா கேட்டார்?

"எந்தத் தெரு?" என்று கேட்டார்.

இன்பம் சொன்னாள். அவ்வளவுதான், மனுஷர் மகளைத் தலைமுழுகிவிட்டார். வாசுதேவநல்லூர் என்ற ஊர்ப்பெயரையும் அந்தப் பையனின் பெயரையும் வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்று உத்தரவு வேறே. பரலோகத்தில் எல்லோருக்கும் ஒரே தகப்பன் என்று ஞாயிறுதோறும் சத்தமாகச் சொல்லுகிற சபைக் கமிட்டி மெம்பர் அவர். பரலோகத்தில் ஒன்றாக இருக்கலாமாம், வாசுதேவநல்லூரில் ஆகாதாம்! கல்யாணத்துக்கு யாரும் போகவில்லை. சம்மந்தி வீட்டாரின் முகம்கூட சத்தியநாதனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவர் விரும்பவும் இல்லை.

பிறகு இன்பமும் தங்கப்பழமும் அந்தமானுக்கு வேலை மாற்றிக்கொண்டு போனார்கள். ஐந்து வருஷம் கழித்து, எண்பத்தொன்றில், ஆண் பிள்ளை பிறந்தது. அடுத்த வருஷம் ஈஸ்டர் அன்றைக்கு போர்ட்பிளேர் கோயிலில் ஞானஸ்நானம் என்று தங்கை ஞானசெல்வியின் கல்லூரி விலாசத்துக்குச் செய்தி வந்தது. அதைக் கேட்டதிலிருந்து சுந்தரபாய்க்குச் சோறு இறங்கவில்லை. மகள் வயிற்றுப் பிள்ளையைப் போதகர் ஐயர் கையில் தூக்கிக் கொடுப்பது பாட்டியின் உரிமை. அவள் அம்மாவும் இன்பத்தை அப்படித்தான் தூக்கிக் கொடுத்தாள். தன் வாழ்நாளில் இந்த ஒன்றையாவது செய்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஒரு வெறியே பிடித்துக்கொண்டது.

கேட்டால் நடக்காது என்று தெரியும். அதனால் ஞானசெல்வியைப் பேசவிட்டாள். அவள் கெட்டிக்காரி, அக்கா பேச்சையே எடுக்கவில்லை.

"அப்பா, நம்ம சபையில கப்பல்ல போனவங்க ஒருத்தராவது உண்டுமா? மதராஸ்ல ஏறினா மூணு நாள் கடல்லயே போலாமாம். அந்தமான் ஜெயிலு, தீவு எல்லாம் பாத்துட்டு வரலாம். லீவுக்கு எங்க காலேஜ்ல எல்லாரும் ஊட்டி ஊட்டிங்கா. நாம கப்பல்னு சொன்னா எப்படி இருக்கும்?"

சத்தியநாதனுக்கு அந்த இடத்தில்தான் ஆசை. நாலு பேருக்கு முன்னால் பெரிய ஆளாக நிற்க வேண்டும். பேரன் பிறந்ததும் ஈஸ்டருக்கு ஞானஸ்நானம் என்பதும் எப்படியோ அவர் காதுக்கும் எட்டியிருந்தது. உள்ளுக்குள் பேரனைப் பார்க்கிற ஆசையும் கொஞ்சம் இருந்திருக்கும், அதை யார் கண்டது? "கப்பல்ல ஒரு சுத்து சுத்திட்டு வருவோம். மத்ததெல்லாம் அங்கன போயிப் பாத்துக்கிடலாம்" என்று முடித்துவிட்டார். அடுத்த ஞாயிறு கோயிலில் குடும்பத்தின் கப்பல் பிரயாணத்துக்காக ஸ்தோத்திர காணிக்கை போட்டு, ஐயர் அதைப் பீடத்திலிருந்து வாசிக்கும்போது தலையைச் சாய்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டிக்கெட் ஏஜென்சி வைத்திருந்த முகம்மது மைதீன்தான் எல்லாம் ஏற்பாடு செய்தார். சத்தியநாதன், சுந்தரபாய், ஞானசெல்வி, ஏசுவடியாள் என்று நாலு பேர். கிடைத்தது ஆறு பேர் படுக்கிற அறை. மிச்சம் ரெண்டு படுக்கை யாருக்கு என்று சத்தியநாதன் கேட்டார்.

"ஒரு ரிட்டயர்டு வாத்தியாரும் அவுக சம்சாரமும், அண்ணாச்சி. ஒங்க வேதக்காரங்கதான். நம்ம பக்கத்து ஆளுவதான். என்ட்டதான் டிக்கெட் போட்டிருக்காவ."

"பாய், யாரு என்னன்னு தெரியாம மூணு நாளு ஒரே ரூம்புல கிடக்க முடியுமாவே? பொம்பளையாளு வருதாவ. வார ஞாயித்துக்கிழமை கோயில் முடிஞ்சு சாப்பிட வரச்சொல்லும். பாத்துப் பேசிக்கிடுவோம்."

இந்த இடத்தில் கதையை நிறுத்தி ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. அதே ஈஸ்டர், அதே ஞானஸ்நானம், அதற்குமுன் போய்ச் சேருகிற ஒரே கப்பல். பையனைப் பெற்றவர்களும் அதில்தான் ஏறுவார்கள் என்று சின்னப்பிள்ளைக்குக்கூடத் தோன்றும். சத்தியநாதனுக்குத் தோன்றவில்லை. அந்தத் தெருக்காரர்கள் தன்னோடு சரிசமமாகக் கப்பலில் படுத்து வருவார்கள் என்று நினைக்கிற மூளை அவருக்கு இல்லை. அதனால் பெயரையும் கேட்கவில்லை. மைதீன் பாய்க்கோ இந்த உள்விவகாரம் ஒன்றும் தெரியாது. அவர் நேரே வாசுதேவநல்லூருக்கு ஆள் அனுப்பி, "சங்கரன்கோயில் இரும்புக்கடை சத்தியநாதன் அண்ணாச்சி ஒங்க ரெண்டு பேரையும் விருந்துக்கு வரச்சொன்னாவ" என்று சொல்லிவிட்டார்.

தாவீது வாத்தியாரும் ஞானஒளிவம்மாளும் அதைக் கேட்டு என்ன நினைத்திருப்பார்கள்? சம்மந்தி மனசு இறங்கிவிட்டது என்று நினைத்தார்கள். பாவம், வேறே என்ன நினைப்பார்கள்?

லெந்து நோன்பு தொடங்குவதற்கு முந்தின ஞாயிறு அது. வீட்டில் ஆட்டுக்கறி கொதித்துக்கொண்டிருந்தது. வாசலில் சலவை வேட்டி, ஜிப்பாவோடு தாவீது வாத்தியாரும், கையில் ஒரு சீப்புப் பழமும் அல்வாப் பெட்டியுமாக அவர் மனைவியும் வந்து நின்றதைப் பார்த்ததும் சுந்தரபாய்க்கு ஆள் தெரிந்துவிட்டது. ஞானசெல்வி ஒளித்துக் காட்டிய கல்யாணப் போட்டோவில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நின்றவர்கள் இதே ரெண்டு பேர்தான்.

சத்தியநாதன் சந்தோஷமாக, "வாங்க சார்வாள், வாங்க" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். வாத்தியாரின் கண் கலங்கியதை அவர் கவனிக்கவில்லை.

அடுப்படிக்கு வந்த ஞானஒளிவம்மாள் சுந்தரபாயின் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நெனச்சே பாக்கல. அண்ணாச்சி வாயால கூப்பிடுவாவன்னு நெனச்சே பாக்கலக்கா. அவுக ராத்திரி முழுக்க ஒறங்கல."

சுந்தரபாய் கதவைச் சாத்தினாள். "அம்மா, அவுகளுக்கு நீங்க யாருன்னு தெரியாது. கப்பல்ல கூட வாரவங்கன்னுதான் கூப்பிட்டிருக்காவ. ஒங்களக் கும்பிட்டுக் கேக்கேன், இன்னைக்கு மட்டும் சொல்லிராதிய. கப்பல் ஏறட்டும். ஏறிட்டா எறங்க முடியாதுல்லா."

ஞானஒளிவம்மாள் பிடித்திருந்த கையை மெல்ல விட்டாள். முகத்தில் இருந்த சந்தோஷம் போய்விட்டது. "சரிக்கா. நான் சொல்லல. அவுகட்ட எப்படிச் சொல்ல? அங்கனல்லா இருக்காவ" என்றாள்.

அங்கன ரெண்டு ஆண்களும் வெகு நாள் சிநேகிதர்கள் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார்கள். கப்பலில் வாந்தி வந்தால் எலுமிச்சம்பழம் போதுமா, அடுப்பு பற்றவைக்க விடுவார்களா என்று ஒரே பேச்சு. பெண் வீட்டுக்காரர் தானே பிள்ளைகள் பேச்சை எடுக்கட்டும் என்று வாத்தியார் மரியாதைக்காகக் காத்திருந்தார். "சார்வாள், கூட யாரு வருதாவளோன்னு ஒரே கவலையா இருந்துது. ஒங்களப் பாத்த பொறவு மனசு நெறஞ்சு போச்சு" என்றார் சத்தியநாதன். அந்தக் குரலைக் கேட்டு அடுப்படியில் சுந்தரபாய், கடவுளே, இப்படியே சாப்பிட்டுவிட்டுப் போய்விடட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

மேசையில் பீங்கான் தட்டு வைத்தாகிவிட்டது. எல்லோரும் உட்கார்ந்தார்கள். விருந்தாளியைக் கொண்டு ஜெபம் பண்ணச் சொல்லுவது அந்த வீட்டு வழக்கம்.

"சார்வாள், நீங்களே ஜெபம் பண்ணுங்க."

வாத்தியார் கண்ணை மூடினார். ஞானஒளிவம்மாள் மேசைக்கடியில் அவர் காலை மிதித்தாள். கண்ணை மூடி ஆண்டவரோடு பேசத் தொடங்கின மனுஷருக்கு அது உறைக்கவில்லை.

"இரக்கமுள்ள பிதாவே, இந்த நல்ல நாளுக்காக ஸ்தோத்திரம். அஞ்சாறு வருஷமாகப் பிரிந்து கிடந்த ரெண்டு குடும்பத்தை ஒரே மேசையில் உட்கார வைத்தீரே, ஸ்தோத்திரம். எங்கள் மகன் தங்கப்பழத்தையும், எங்களுக்கு மகளாக வந்த இன்பத்தையும், ஞானஸ்நானம் பெறப்போகிற பேரப்பிள்ளையையும் ஆசீர்வதியும். எங்கள் சம்மந்தியின் இருதயத்தைத் திறந்தீரே, அதற்காக விசேஷித்த ஸ்தோத்திரம்…"

தங்கப்பழம் என்ற பெயரிலேயே சத்தியநாதன் கண்ணைத் திறந்துவிட்டார். ஜெபத்தில் இருக்கிறவரை நடுவில் நிறுத்தக் கூடாதே! பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாத்தியார் கப்பலுக்கும் கடலுக்கும் மாலுமிகளுக்கும்கூட வேண்டிக்கொண்டு நிதானமாக முடித்தார். ஆமென் சொல்ல ஞானஒளிவம்மாளைத் தவிர ஆளில்லை.

முதலில் அசைந்தது ஏசுவடியாள். எழுந்து வந்து விருந்தாளிகள் முன்னால் இருந்த ரெண்டு தட்டையும் எடுத்தாள். "ஏட்டி சுந்தரம், விருந்துக்கு வந்தவுகளுக்குத் தட்டுலயா வப்பாவ? கொல்லையில ரெண்டு இல அறுத்துட்டு வா. இலதான மரியாத?"

என்ன மரியாதை என்று அங்கே எல்லோருக்கும் புரிந்தது. தின்ற இலையைத் தூரப் போட்டுவிடலாம், தட்டை மறுபடி வீட்டுக்காரர்கள் தொட வேண்டும். சுந்தரபாய் வாத்தியாரைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். பிறகு கத்தியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய் ரெண்டு இலை அறுத்துக்கொண்டு வந்தாள். அடிப்பாவி, மனசே இல்லாமல்தான் அறுத்தேன் என்று பிற்பாடு சொல்லிக்கொண்டாளாம். மனசு இல்லாவிட்டாலும் அறுத்தது அவள் கைதானே?

சத்தியநாதன் வயிறு சரியில்லை என்று எழுந்து முன்கட்டுக்குப் போய்விட்டார். ஜெபம் பண்ணின சாப்பாட்டை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று வாத்தியார் நாலு வாய் தின்றார். ஞானஒளிவம்மாள் இலையில் கை வைத்ததோடு சரி. சாப்பிட்டு முடித்ததும் வாத்தியார் ரெண்டு இலையையும் தானே சுருட்டி எடுத்துக்கொண்டு போய் வெளியே போட்டார். வேண்டாம், நாங்கள் எடுக்கிறோம் என்று ஒரு நாதியும் சொல்லவில்லை.

முன்கட்டில் சத்தியநாதன், "டிக்கெட்ட ரத்து பண்ணச் சொல்லி பாய்க்கு ஆளு விடப்போறேன். கப்பலும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்" என்றார்.

சுந்தரபாய் கதவோரம் வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, அப்படிச் செய்யாதிய" என்றார் தாவீது வாத்தியார். "பெத்தவங்க வரமாட்டாவளான்னு அந்தப் பிள்ள அழுத அழுக எங்களுக்குத் தெரியும். நீங்க போங்க. நாங்க பொறவு வேற கப்பல்ல போய்க்கிடுதோம்."

"ஞானஸ்நானம்?"

"அதுக்கென்ன? நீங்க நின்னாப் போதும்."

சத்தியநாதன் மோட்டைப் பார்த்து யோசித்தார். கோயிலில் காணிக்கை போட்டு வாசித்தாகிவிட்டது. போகாமல் இருந்தால் ஊர் சிரிக்கும். "அப்ப சரி" என்றார்.

சரியாம்! பேரனுக்குத் தண்ணீர் தெளிக்கிறதைப் பார்க்க ஆசைப்பட்ட ரெண்டு வயசானவர்கள் விட்டுக்கொடுத்ததை, கடையில் பழைய ஆணி வாங்குகிற மாதிரி வாங்கிப் போட்டுக்கொண்டார். ஞானஒளிவம்மாள் சுந்தரபாயைப் பார்த்தாள். வாங்க, எல்லோரும் சேர்ந்தே போவோம் என்று ஒரு வார்த்தைக்காகத்தான் பார்த்தாள். வாயைத் திறந்தால் இவர் மறுபடி ரத்து என்று நிற்பார், பிள்ளையைத் தூக்குகிற நாள் கைவிட்டுப் போகும் என்று சுந்தரபாய்க்குப் பயம். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"போயிட்டு வாரோம்க்கா" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் செருப்பை மாட்டினாள்.

கப்பலில் அந்த ரெண்டு படுக்கையிலும் சத்தியநாதன் பெட்டிகளைப் பரப்பி வைத்தார். மற்ற அறைக்காரர்களிடம், "ஃபேமிலியோட சும்மா ஒரு டூர்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். ஏசுவடியாள் மூன்று நாளும் வாந்தி எடுத்தாள். சுந்தரபாய்க்கு வாந்தியும் இல்லை, பசியும் இல்லை.

போர்ட்பிளேர் துறைமுகத்தில் இன்பம் பிள்ளையும் கையுமாக நின்றாள். தாங்கள் வரவில்லை என்று வாத்தியார் மகனுக்கு எழுதவே இல்லை போலிருக்கிறது. தங்கப்பழம் இவர்களுக்குக் கைகூப்பிவிட்டு, பின்னால் இறங்குகிறவர்களையே எட்டி எட்டிப் பார்த்தான். கடைசி ஆளும் இறங்கியாயிற்று.

"அத்தையும் மாமாவும் எங்க?" என்றாள் இன்பம்.

"அவுகளுக்கு உடம்புக்கு முடியலயாம்" என்றார் சத்தியநாதன்.

ஞானசெல்விக்குப் பொறுக்கவில்லை. அங்கேயே, சாமான் இறக்குமுன்னே, விருந்தையும் ஜெபத்தையும் இலையையும் ஒன்று விடாமல் சொல்லிவிட்டாள். தங்கப்பழம் கேட்டுவிட்டுப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். சத்தியநாதன் அசட்டுச் சிரிப்போடு பேரனுக்குக் கை நீட்டினார். கபடமில்லாத பிள்ளை, தாவிப் போய்விட்டது.

இன்பம் தாயின் பக்கம் திரும்பினாள். "அப்பா இப்படித்தான்னு தெரியும்மா. அவர்ட்ட நான் ஒண்ணும் எதிர்பாக்கல. நீ என்ன சொன்ன?"

"ஒன்னையும் பிள்ளையையும் பாக்கணும்னுதான் நான்…"

"நீ என்ன சொன்னன்னு கேக்கேன்."

சுந்தரபாய் குனிந்து கீழே இருந்த பையை எடுத்துக்கொண்டாள்.

வீட்டில் இன்பம் மீன் பொரித்துப் போட்டாள், படுக்கை விரித்துக் கொடுத்தாள், ஒரு குறையும் வைக்கவில்லை. ஈஸ்டர் அன்று கோயிலில் ஐயர் பிள்ளையைக் கொண்டுவரச் சொல்லி அழைத்ததும், புதுச்சேலை கட்டி முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த சுந்தரபாய் எழுந்து, மகளிடம் ரெண்டு கையையும் நீட்டினாள்.

"எங்க அத்தை தூக்கிக் கொடுக்கிறதா இருந்துதும்மா" என்றாள் இன்பம், பக்கத்தில் இருக்கிறவர்களுக்குக் கேட்காத மெல்லிய குரலில். "அவுக வரல. நானே கொண்டு போறேன்."

சுந்தரபாய் நீட்டின கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு, மகளுக்கு ஒதுங்கி வழி விட்டாள்.