இடப்பக்கத் தகடு

டிக்.

பெட்டியிலிருந்து அந்த வீடியோகேம் கன்ட்ரோலரை எடுக்கும்போதே என் விரல் அதன் அடிப்பக்கத் தகட்டில் பட்டுவிட்டது. பல்லிகூட இதைவிட உரக்கக் கத்தும். ஆனாலும் அந்தச் சின்ன சத்தத்துக்குக் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டேன். கழனி உழும் பவர் டில்லரின் லீவர் விழும்போதும் இதே சத்தம்தான். மூன்று வருடங்களுக்கு முன் அதைக் கேட்டேன். அடுத்து கேட்டது என் தம்பியின் அலறல்.

நடவுக்கு முன்னால் கழனியில் தண்ணீர் கட்டி சேடை ஓட்டிக்கொண்டிருந்தோம். டில்லரின் கத்திகளில் கோரை சுற்றிக்கொண்டது. இன்ஜினை அணைக்காமலே கையை விட்டுப் பிடுங்குவது எங்கள் பக்கத்துப் பழக்கம். அணைத்தால் மறுபடி கிளப்ப வேண்டுமே என்கிற சோம்பல். கைப்பிடியைச் சும்மா பிடித்துக்கொண்டு நில் என்று சொல்லிவிட்டுத் தம்பி கத்திகளிடம் குனிந்தான். நின்றேன். சேற்றில் கால் வழுக்கியது. விழாமல் இருக்க எதையோ பற்றினேன். அது லீவர். கத்திகள் ஒரு சுற்று சுற்றின, ஒரே ஒரு சுற்று. அவனுடைய வலதுகைப் பெருவிரல் சேற்றுக்குள் போனது.

நான் அவனிடம் போகவில்லை. வரப்பின் மேல் ஓடினேன். செருப்பில்லாமல், முள்ளும் நண்டு வளையும் மிதித்து, ஏரிக்கரை வரைக்கும் ஓடினேன். பக்கத்துக் கழனிக்காரர்தான் துண்டைக் கிழித்து இறுக்கிக் கட்டி அவனை உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்.

அதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் ஊருக்கு வந்தால் நாஷ்டா சாப்ட்டியா என்பான். போகும்போது பஸ் வரும்வரை கூட நிற்பான். நடுவில் அவன் வலதுகை எப்போதும் லுங்கி மடிப்புக்குள் இருக்கும்.

பகலில் கழனி, பொழுது சாய்ந்தால் துப்பாக்கி. அப்படித்தான் இருந்தான் முன்பு. டி.வி. திரையில் ஐந்து பேர் சேர்ந்து எதிரி ஐந்து பேரைச் சுட்டு வீழ்த்தும் விளையாட்டு. அந்த ஐவரில் இவன்தான் குறி தப்பாதவன். விரல் போனபின் மற்ற நான்கு பேரும் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று வருடமாக வெறும் பார்வை. இந்த மாதம் அவன் இடத்தில் ஆடியவன் வேலைக்காக வெளியூர் போய்விட, இடம் காலியானது. ஞாயிற்றுக்கிழமை வாலாஜாபாத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டி. கேப்டன் ராஜகுளத்துப் பெண், கம்பெனியில் ஷிப்டு வேலை பார்ப்பவள். பழைய பாசத்துக்காக இவனுக்கு மூன்று ரவுண்டு சோதனை தருவதாகச் சொல்லியிருந்தாள். தேறினால் இடம் இவனுக்கு. தேறாவிட்டால் அன்றைக்கே வேறு ஆள்.

அதற்காகத்தான் அந்தக் கன்ட்ரோலரை வரவழைத்து, சென்னையிலிருந்து மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். வேண்டியபடி கழற்றி மாட்டிக்கொள்ளலாம். பெருவிரலால் தள்ளித் துப்பாக்கியைத் திருப்பும் குச்சிகளில் குட்டை, நெட்டை, குழிந்தது, உப்பியது என்று வகை. துப்பாக்கி விசையை லேசாகத் தொட்டாலே சுடும்படி வைக்கலாம். முதுகுப் பக்கம் நான்கு உலோகத் தகடுகள், மடங்கிய விரல்களுக்கு. எந்தத் தகட்டை அமுக்கினால் எது நடக்கவேண்டும் என்பதை நாமே சொல்லித்தரலாம்.

அவன் அதைப் பெற்றுக்கொண்டபோதுதான் அந்தக் கையை முழுசாகப் பார்த்தேன். பெருவிரல் இருந்த இடத்தில் ஒரு மொட்டை, கத்தரித்த முருங்கைக் கொம்பு போல. இருப்பதிலேயே நெட்டையான குச்சியை மாட்டினான். மொட்டை அதன் தலையைத் தொட்டது. தொட்டு, தள்ளியது. திரையில் துப்பாக்கி வலப்பக்கம் திரும்பியது. அவன் மூச்சு நின்று வந்ததைக் கேட்டேன்.

பெருவிரலால் செய்யவேண்டிய மற்றதையெல்லாம் முதுகுத் தகடுகளுக்கு மாற்றினான். இடது தகடு குண்டு வீச. வலது தகடு குனிய. மற்ற இரண்டும் தோட்டா நிரப்ப, குதிக்க.

பதினோரு மணிக்கு ஸ்பீக்கரில் கேப்டன் வந்தாள். எதிரே ஒரு ஆள் வேண்டும் என்றாள். பழைய கன்ட்ரோலரைத் தம்பி என் மடியில் போட்டான். நாற்பத்தேழு வயதில் நான் எதிரி ஆனேன்.

முதல் ரவுண்டு. இடிந்த ஊர், எரியும் லாரிகள், சுவரெல்லாம் ரத்தத் தெறிப்பு. எனக்கு நடக்கவே தெரியவில்லை. சாக்குமூட்டைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். அவன் தெருமுனைக்கு வந்தான், இடப்பக்கம் திரும்பினான். அவன் கையிலிருந்து ஒரு குண்டு கழன்று எதிர்ச் சுவரில் மோதித் திரும்பி வந்து அவன் காலடியிலேயே வெடித்தது. கால் ஒரு பக்கம், தலை ஒரு பக்கம். அடுத்த உயிர். மறுபடி தெருமுனை, மறுபடி இடப்பக்கம், மறுபடி குண்டு. ஏழு தடவை செத்தான். என் துப்பாக்கியில் ஒரு தோட்டாகூடக் குறையவில்லை.

ஸ்பீக்கரில் கேப்டன் குறுக்கிட்டாள்.

"ண்ணா, அந்தக்காவ நீங்க சுடவே இல்ல. உங்களயே கொன்னுக்கினு கீறீங்க."

அவன் கன்ட்ரோலரைத் தரையில் அடிக்க ஓங்கினான். கை பாதியில் நின்றது. பதிலாகச் சுவரை முழங்கையால் குத்தினான். காரை உதிர்ந்தது. அவன் பெண்சாதி சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்து, வூட்ட இட்ச்சிட்டு அப்பறம் விளையாடுங்க என்றாள்.

இன்னும் ரெண்டு ரவுண்டு கீது, சரி பண்ணிக்க பத்து நிமிஷம் தரன் என்றாள் கேப்டன். குரலில் அடுத்த ஆளைத் தேடத் தொடங்கிய களைப்பு.

நான் அவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் இல்லாத தெருமுனையை நினைத்துத் தலையை இடப்பக்கம் சாய்க்கிறான். கூடவே இடதுகை விரல்கள் உள்ளே சுருங்குகின்றன. டிக். வலப்பக்கம் சாய்க்கிறான், வலதுகை சுருங்குகிறது. டிக். என் மடியிலும் அதே நடந்துகொண்டிருந்தது. என் விரல்களும் அவனோடு சேர்ந்து சுருங்கிக்கொண்டிருந்தன. கழனி மூலையில் டில்லரைத் திருப்ப கைப்பிடிக்கு அடியில் இரண்டு பிடிகள். இடது பிடியை அமுக்கினால் வண்டி இடப்பக்கம் போகும். வலதை அமுக்கினால் வலப்பக்கம். இருபது வருடம் மூலைக்கு மூலை அமுக்கிய கை அது. தெருமுனை என்றதும் அதற்குக் கழனி மூலைதான்.

"டில்லர் ஓட்டினு கீற நீ," என்றேன்.

என்னைப் பார்த்தான். இருவருக்கும் நடுவில் அந்த வார்த்தை மூன்று வருடமாக வந்ததில்லை.

பிறகு கையைப் பார்த்தான். சுருக்கினான், விரித்தான். செட்டிங்கைத் திறந்தான். இடது தகடு: சுவரோரம் இடப்பக்கம் சாய்ந்து எட்டிப்பார்க்க. வலது தகடு: வலப்பக்கம் சாய்ந்து பார்க்க. குண்டு வீசுவதை வேறொரு தகட்டுக்குத் துரத்தினான்.

இரண்டாவது ரவுண்டில் நான் அவனைப் பார்க்கவே இல்லை. சுவரின் ஓரத்தில் ஒரு கண்ணும் துப்பாக்கி நுனியும் சாய்ந்தன. என் நெற்றி வெடித்தது. எழுந்தேன். கழுத்து. எழுந்தேன். முதுகு. மூலை ஒவ்வொன்றிலும் டிக், டிக் என்று வந்துகொண்டே இருந்தான், சேற்றை உழுதுகொண்டு வருகிற மாதிரி, ஒரு தெருவையும் விடாமல். பத்து தடவை கொன்றான். ஸ்பீக்கரில் கேப்டனின் நாற்காலி கிறீச்சிட்டு முன்னால் நகர்ந்தது கேட்டது.

மூன்றாவது ரவுண்டில் விளையாட்டு போய்விட்டது. முதலில் என் முழங்காலில் சுட்டான். இழுத்துக்கொண்டு நகர்ந்தேன். அடுத்த காலில் சுட்டான். விழுந்த உடம்பின் மேல் நின்று தோட்டா தீரும்வரை சுட்டான். உடம்பு துள்ளித் துள்ளி விழுந்தது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான், தாடை நரம்பு கயிறாய்ப் புடைத்திருந்தது. ஒன்பது உயிர் இப்படியே போனது. பத்தாவதில் நான் துப்பாக்கியைத் தூக்கவே இல்லை. குச்சியை முன்னால் தள்ளிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். எரியும் லாரிகளுக்கு நடுவில், திரும்பிப் பார்க்காமல்.

"ஓட்றா பாரு," என்றான் திரையிடம். "அன்னிக்கும் இப்டித்தான ஓட்ன. ரத்தம் பீச்சினு கீது, நான் க்கா க்கான்னு கத்தினு கீறன், நீ ஓடிக்கினே கீற. கத்திகூட எனக்கு அவ்ளோ வலிக்கல."

சொல்லிவிட்டுச் சுட்டான். தலையில், பின்னாலிருந்து. நான் லாரியின் ஓரம் முகம் குப்புற விழுந்தேன். பத்தாவது சாவு.

அவன் பெண்சாதி கரண்டியோடு வாசலில் நின்றிருந்தாள். என் உள்ளங்கைகள் ஈரமாக இருந்தன. லீவரைப் பற்றியபோது இருந்த அதே ஈரம்.

கேப்டன் தொண்டையைச் செருமினாள்.

"ஞாயித்துக்கெயம எட்டு மணிக்கு வந்துடுங்கண்ணா. இதே கன்ட்ரோலர எட்த்துக்கினு வாங்க. ஆனா இந்த மாரி செத்த ஆள சுட்டுனு நிக்காதீங்க, பின்னாலேர்ந்து எவனாவது போட்ருவான்."

இணைப்பு அறுந்தது. அவன் கன்ட்ரோலரை மெதுவாகக் கீழே வைத்தான், பால் சொம்பை வைப்பது போல. இடம் கிடைத்த சந்தோஷம் முகத்துக்கு வரவே இல்லை. அல்லது வந்து, நான் இருப்பதைக் கண்டு நின்றுவிட்டது. கஞ்சி குடித்தோம். அண்ணி, இன்னும் கொஞ்சம் ஊத்திக்குங்க என்றாள் அவன் பெண்சாதி, என் கண்ணைப் பார்க்காமல். மன்னிப்பு என்ற சொல்லை நான் மூன்று தடவை வாய்வரை கொண்டுபோய்க் கஞ்சியோடு விழுங்கினேன். இருபது வருடமாக வார்த்தைகளை எழுதிப் பிழைப்பவள்தான் நான்.

மூன்று மணி பஸ். ரோடு வரைக்கும் கூடவே வந்தான், வழக்கம்போல. வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு டில்லர் எங்களைக் கடந்து கழனிக்குள் இறங்கியது. மூலையில் அது திரும்பும்வரை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அவன் கை லுங்கி மடிப்பில் இல்லை, வெளியில் தொங்கியது. நான் அதைப் பிடித்தேன். மொட்டை என் உள்ளங்கையில் அழுந்தியது, குச்சியைத் தள்ளித் தள்ளிச் சிவந்து சூடாக. இழுத்துக்கொள்ளவில்லை.

கத்தும்போது கேட்டுச்சுடா, எல்லாம் கேட்டுச்சு என்றேன். தெரியும் என்று தலையசைத்தான். பஸ் வந்துவிட்டது. படியில் ஏறி, கம்பியைப் பிடித்துத் திரும்பினேன்.

"ஞாயித்துக்கெயம நீயும் வா," என்றான். "ஆனா இந்தத் தபா ஓடாதக்கா. எது நடந்தாலும் அங்கியே நில்லு."